பொம்மக்கா பாறை ஏறினாள்

காட்டுக் குளத்தோரம் பொம்மக்கா என்றொரு கரடி இருந்தாள். அவளுக்கு மூக்கன், செல்லி என்று இரண்டு குட்டிகள். தேனடை, பலாச்சுளை, இலுப்பைப் பூ, இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் அவளுக்கு உலகமே மறந்துபோகும். தின்ற இடத்திலேயே படுத்துவிடுவாள். தொப்பை தரையைத் தொட்டது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குளம் நாளுக்கு நாள் வற்றியது. பெரிய பாறையைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஏரி. சுற்றிப் போக வழி இல்லை. குட்டிகளுக்கோ அந்த வழுக்குப் பாறையில் ஏறத் தெரியாது. அம்மாதான் முதுகில் சுமக்க வேண்டும்.

பொம்மக்கா சுமந்துகொண்டு கிளம்பினாள். பத்தடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. இறங்கி வந்து தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இனிப்பை விடு!" என்றான் பக்கத்துப் பொந்தில் இருந்த கீரி சடையன். "தின்ன தித்திப்பெல்லாம்தான் தொப்பையாத் தொங்குது!"

"விட்டேன் போ!" என்றாள் பொம்மக்கா.

ரோஷக்காரி அல்லவா? தேனை விட்டாள். பலாவை விட்டாள். அதோடு நிறுத்தினாளா? சாப்பாட்டையே விட்டுவிட்டுக் குகையில் சுருண்டு கிடந்தாள்! பன்னிரண்டு நாளில் தொப்பை காணாமல் போனது. குளத்து நீரில் தன்னைப் பார்த்துப் பூரித்தாள்.

"எப்படி இருக்கேன், சடையா?"

"ஜோரா இருக்கே. பாறை ஏறு, பார்ப்போம்!"

குட்டிகள் முதுகில் ஏறியதுமே அவள் முன்னங்கால் மடங்கியது. செல்லி உருண்டு விழுந்து மூக்கைச் சிராய்த்துக்கொண்டாள். குட்டி அழ, தாயும் சேர்ந்து அழுதாள். "பெத்த பிள்ளையைச் சுமக்கத் துப்பில்லாம போச்சே!"

சடையனுக்கு மனசு கேட்கவில்லை. "இனிப்பை விடுன்னுதானே சொன்னேன்? பட்டினி கிடன்னா சொன்னேன்? கொழுப்போட சேர்ந்து சதையும் கரைஞ்சு போச்சு, அக்கா! வா, கறையான் தின்னலாம்."

"அந்தப் புற்று கல்லு மாதிரி இருக்குமே!"

"அதுக்குத்தான் கூப்பிடறேன். தோண்டினா தோள் வலுக்கும். தின்னா சதை பிடிக்கும். நீ உடைச்சா எனக்கும் நாலு வாய் கிடைக்கும்!"

"அப்படிச் சொல்லு! உன் வயித்துக்குத்தான் இந்த உபதேசமா?" அழுதுகொண்டே பொம்மக்கா சிரித்துவிட்டாள்.

முதல் நாள் ஒரு புற்றை உடைப்பதற்குள் நகமெல்லாம் எரிந்தது. தோள் கழன்று விழும்போல வலித்தது. வயிறு நிறையக் கறையான் தின்றாள், நன்றாகத் தூங்கினாள், மறுநாள் அடுத்த புற்றுக்குப் போனாள். சாயங்காலமானால் குட்டிகளை முதுகில் ஏற்றிக் குளத்தைச் சுற்றி நடந்தாள். பலாப்பழ வாசம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பாவம், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது!

இப்படியே ஒரு மாதம் போனது. மிச்சமிருந்த குளத்து நீரில் எட்டிப் பார்த்தவளுக்கு முகம் வாடியது.

"அன்னிக்கு இதைவிட ஒல்லியா இருந்தேனே, சடையா!"

"தண்ணியைப் பார்த்தது போதும். ரெண்டு நாள்ல அதுவும் சேறு. பாறையைப் பார், அக்கா!"

குட்டிகளும் கறையான் தின்று கனத்திருந்தன. பொம்மக்கா நகத்தைப் பாறையில் ஊன்றினாள். பத்தடி தாண்டியது. பாதிப் பாறையும் தாண்டியது. செல்லி அம்மாவின் முடியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, தண்ணி!" என்று மூக்கன் கத்தினான். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஏரி!

பொம்மக்கா உச்சியில் நின்று கண்குளிரப் பார்த்தாள். ஆனால் முதுகு என்னவோ கூடுதலாகக் கனத்தது. திரும்பிப் பார்த்தாள். குட்டிகளுக்குப் பின்னால் சடையன் சொகுசாக உட்கார்ந்திருந்தான்!

"நீ எப்போ ஏறினே?"

"அடிவாரத்திலேயே ஏறிட்டேன், அக்கா! நீ மூணு பேரைச் சுமந்து வந்திருக்கே!"

உடம்பு மெலிந்தால் மட்டும் போதாது. நம்பி முதுகில் ஏறுகிறவர்களைச் சுமக்கிற வலுவும் கூடவே வளர வேண்டும்.