சுவருக்கு அந்தப் பக்கம்

தூக்கம் கெட்டவனை முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாசிலாமணி மடத்துப் படியேறி வந்தபோது அம்மா கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வயதில் அவருக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் மடத்துக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அம்மா. அவளுக்கு எல்லோரும் ஐயா.

“ஒண்ணு கேக்கணும்மா. ஒரு நாயைத் தெருவை விட்டே துரத்தினா பாவமா?”

“நாய் என்ன பண்ணுச்சு?”

கொட்டித் தீர்த்தார். நூல் மில்லில் அவருக்கு எப்போதும் நைட் ஷிப்ட். பகலில்தான் தூக்கம். அந்த நேரம் பார்த்துத் தெருவே வேலைக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு ஜெயசீலனும் நாயை முற்றத்தில் சங்கிலியில் கட்டிவிட்டு, வீட்டைப் பூட்டி, கேட்டைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவான். அப்போது ஆரம்பிக்கிற குரைப்பு சாயங்காலம் வரை ஓயாது. போன வாரம் மெஷின் முன்னால் கண் அசந்துவிட்டார். மயிரிழையில் விரல் தப்பியது. இன்னொரு தரம் தூங்கினால் வேலை கிடையாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

“நேத்து ஜெயசீலனைப் பிடிச்சு சத்தம் போட்டேன். ஞாயித்துக்கிழமை ஏரிப் பக்கம் கொண்டுபோய் விட்டுடறேன்னுட்டான். இப்ப அதை நெனச்சாலும் தூக்கம் வரல.”

“நீங்க ஒண்ணும் பண்ணிப் பாக்கலையா?”

“பண்ணாம? குரைக்கிறப்பல்லாம் சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவேன். கப்புனு அடங்கும். அப்புறம் முன்னைவிட ஜாஸ்தியா குரைக்கும். திமிர் பிடிச்ச நாய்.”

அம்மா கையைத் துடைத்தாள். “வாங்க, பாப்போம்.”

மாசிலாமணி வீட்டில் கட்டிலை ஒட்டிய சுவருக்கு மறுபக்கம்தான் நாய். இவர்கள் உள்ளே நுழைந்ததுமே குரைத்தது. மாசிலாமணி துடைப்பக் கட்டையை எடுத்து இரண்டு தட்டு தட்டினார். அடங்கியது. பெருமையாகத் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது.

“கொஞ்சம் தண்ணி குடுங்க ஐயா,” என்றாள் அம்மா.

சொம்போடு வந்தால் ஆளைக் காணோம்.

“அம்மா?”

வாசலில் செருப்பும் இல்லை. தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவை அவர் பகலில் நின்று பார்த்ததே கிடையாது.

உள்ளே வந்தார். சுவரில் டொக், டொக் என்று சத்தம்.

“அம்மா, அங்கயா இருக்கீங்க?”

டொக், டொக்.

“பேசுங்கம்மா.”

டொக், டொக்.

“அம்மா” என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

ஜன்னல் வழியாக நிதானமாக வந்தது குரல். “எதுக்கு ஐயா இப்படிக் கத்துறீங்க?”

“நீங்கதானே தட்டுனீங்க. அந்தப் பக்கம் ஆள் இருக்குனு தெரியுது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசலைன்னா கத்தாம என்ன...”

குனிந்து பார்த்தார். கையில் சொம்பு. காலடியில் துடைப்பக் கட்டை. அந்தப் பக்கம் குரைப்பைக் காணோம். சங்கிலி தரையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஜன்னல் பக்கம் போய்க் கேட்டார். “ஜெயசீலன்கிட்ட நான் என்னம்மா சொல்லட்டும்?”

“மொதல்ல தண்ணியக் கொண்டாங்க ஐயா,” என்றாள் அம்மா. “ரெண்டு பாத்திரத்துல.”