கரடி அடைத்த வழிகள்

ஒரு காட்டில் காரையன் என்றொரு கரடி இருந்தது. தடபுடல் என்றால் அதற்கு உயிர். காடு மொத்தத்தையும் கூட்டி ஒரு தேன் விருந்து வைத்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டது.

ஓடைக்கரையில் பாறைகள் சூழ்ந்த பெரிய பள்ளம். உள்ளே போக மூன்று வழிகள். பின்னாலிருந்த இரண்டையும் காரையன் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தது. முன்வழியில் பூ வளைவு கட்டியது.

"ஏங்க, அந்த ரெண்டையும் எதுக்கு அடைச்சீங்க?" என்றது மனைவி பேச்சி.

"பின்னே? நான் இங்கே சந்தனக் கிண்ணத்தோட நிப்பேன். ஆளாளுக்கு ஒரு பக்கம் நுழைஞ்சா என்னை யாரு பாப்பாங்க?"

"வரும்போது ஒவ்வொருத்தரா வருவாங்க. போகும்போது மொத்தமால்ல போவாங்க!"

"வந்த வழியே போகட்டும். நல்ல நாளும் அதுவுமா வாயை வைக்காதே!"

காடே திரண்டு வந்தது. உள்ளே மயிலாட்டம் தொடங்கியது. முன்வரிசையில் காரையனின் குட்டிகள் இரண்டும் உட்கார்ந்திருந்தன. காரையனும் பேச்சியும் வளைவுக்கு வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தன. ஆட்டம் முடிந்ததும் தேன் பந்தி.

அதற்குள் பாறை மேலிருந்த குரங்கு அலறியது. "மலையில பெருமழை! ஓடையில வெள்ளம் வருது!"

அவ்வளவுதான்! அத்தனையும் ஒரே நேரத்தில் பூ வளைவை நோக்கிப் பாய்ந்தன. காட்டெருமை வழியில் மாட்டிக்கொண்டது. அதன் மேல் மான்கள் மோதின. ஒன்றும் வெளியே வர முடியவில்லை. பள்ளத்துக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்தது.

"தள்ளாதீங்க! தள்ளாதீங்க!" என்று காரையன் கத்தியதை யார் கேட்டார்கள்? "ஐயோ, என் பிள்ளைங்க!" என்று பதறியது.

காரையனும் பேச்சியும் பாறையைச் சுற்றிப் பின்பக்கம் ஓடின. கை கிழியக் கிழிய முள்ளைப் பிடுங்கி எறிந்தன. இரண்டு வழிகளும் திறந்தன.

"இங்கே வழி இருக்கு, வாங்க!" என்றது காரையன்.

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. வந்த வழியைத் தவிர வேறு வழி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காரையன் மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தியது: "தேன் பந்தி போட்டாச்சு! முதல் பந்தி இந்தப் பக்கம்!"

அட, என்ன மாயமோ! கடைசியில் நின்ற முயல்கள் சட்டென்று திரும்பின. பின்னாலேயே நரிகள், பன்றிகள். முன்னால் நெரிசல் குறைந்ததும் காட்டெருமையும் உடம்பை உருவிக்கொண்டு வெளியேறியது. மூன்று வழியாகவும் கூட்டம் மேட்டுக்கு ஏறியது. குட்டிகள் ஓடி வந்து பேச்சியைக் கட்டிக்கொண்டன. கடைசி ஆமையைக் காரையனே தூக்கி வந்தது. அடுத்த நொடி வெள்ளம் பள்ளத்தை மூடியது.

அப்பாடா! காரையன் பொத்தென்று உட்கார்ந்து அழுதது.

கிழட்டுப் பன்றி உறுமிக்கொண்டே வந்தது. "ஏப்பா, எங்கே பந்தி? இங்கே ஒரு சொட்டுத் தேன்கூட இல்லையே! பொய் சொல்லிட்டியே!"

"ஆமா மாமா, பொய்தான். வழியை அடைச்சவனும் நான்தான். திட்டுங்க, நல்லா வாய் வலிக்கத் திட்டுங்க" என்று காரையன் பன்றியின் காலைப் பிடித்துக்கொண்டது. "திட்டுறதுக்கு எல்லாரும் இருக்கீங்களே, அது போதும் எனக்கு!"

நீதி: பலரை ஓரிடத்தில் கூட்டுகிறவர், அவர்கள் வரும் வழியை அலங்கரிக்கும் முன் போகும் வழிகளைத் திறந்து வைக்க வேண்டும்.