அரசர் திரித்த பால்

ஆனைக்குளம் என்று ஒரு சின்ன ராஜ்யம். அதன் அரசர் சங்கிலிவீரருக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

இத்தாலியிலிருந்து வந்த கப்பல் வணிகர் ஒருவர் எருமைப்பாலில் ஒரு பண்டம் செய்து அவருக்குக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்ற உருண்டை. கடித்து இழுத்தால் நூல் நூலாக நீண்டது. மொசரெல்லா என்றார். பெயர் அரசரின் வாயில் நுழையவில்லை, பண்டம் நுழைந்துவிட்டது. வணிகர் புறப்படும்போது சமையற்காரன் கோலப்பனுக்குப் பக்குவம் சொல்லி, பாலை உறையவைக்கக் கொஞ்சம் உறைப்பொடியும் கொடுத்துவிட்டுப் போனார்.

"நாளை மதியம் இலையில் இது இருக்கவேண்டும்" என்றார் அரசர்.

கோலப்பன் முகம் கறுத்துவிட்டது. பாலைத் திரித்தால்தான் அந்தப் பண்டம். அரண்மனையிலோ பால் திரிவது அபசகுனம். பாலைத் திரித்தவர் பொழுது சாய்வதற்குள் கோட்டையை விட்டுப் போய்விடவேண்டும் என்று அரசரின் தகப்பனார் கட்டளை போட்டிருந்தார். செய்யாவிட்டால் அரசர் சொல்லை மீறியவன். செய்தால் வேலையும் போச்சு, கோட்டைக்குள் இருந்த வீடும் போச்சு.

பிரதானி திருவேங்கடத்துக்கு ஒரு மைத்துனன் உண்டு. சமையலறைப் பொறுப்புக்காக வெகுநாளாகக் காத்திருந்தான். பிரதானி சபையில் எழுந்து அந்தக் கட்டளையைப் பணிவோடு நினைவுபடுத்தினார். அரசர் தவித்தார். தகப்பனார் வாக்கையும் மீற மனமில்லை, பண்டத்தையும் விட மனமில்லை.

சபையில் விகடம் பேசும் ஐயாறப்பன் மெல்லக் கேட்டான்: "இதில் ஆளுக்குத் தகுந்த விலக்கு ஏதாவது உண்டா, பிரதானி ஐயா?"

"யாராக இருந்தாலும் விலக்குக் கிடையாது" என்றார் பிரதானி.

அரசரும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

மறுநாள் காலை ஐயாறப்பன் அரசரிடம் போய் ஊர் வழக்கத்தைச் சொன்னான். புதுநெல்லானாலும் புதுவெல்லமானாலும் ஆனைக்குளத்தில் முதல் கை அரசர் கைதான். புதுப்பண்டம் அடுப்பேறும்போது மட்டும் அதை விடலாமா? அரசருக்கு ஒரே குஷி. அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு சமையலறைக்குள் புகுந்தார்.

பால் வெதுவெதுப்பாக இருந்தது. கோலப்பன் எலுமிச்சைச் சாற்றையும், நீரில் கரைத்த உறைப்பொடியையும் நீட்டினான். அரசர் தம் கையாலேயே ஊற்றிக் கிண்டினார். சற்று நேரத்தில் பால் கட்டியாகி, தண்ணீர் பிரிந்து நின்றது. கட்டியை வடித்துக் கொதிநீரில் போட்டுப் பிசைந்தார்கள். அது ரப்பர் மாதிரி மினுமினுத்தது. இந்தப் பக்கம் கோலப்பன் இழுக்க, அந்தப் பக்கம் அரசர் இழுக்க, நடுவில் வெள்ளை வடம் ஒன்று நீண்டது. அதில் ஒரு இழை அரசரின் மீசையில் மாட்டிக்கொண்டது.

வெளியே காத்திருந்த பிரதானி, பால் திரிந்த வாசனை வந்ததும் உள்ளே பாய்ந்தார். ஆவியில் எதிரே யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. "திரித்தாயிற்று. திரித்தவன் இப்போதே மூட்டையைக் கட்டட்டும்" என்றார்.

"பல்லக்கு வாசலில் தயார்" என்றான் ஐயாறப்பன்.

"சமையற்காரனுக்குப் பல்லக்கா?"

"மகாராஜாவை நடத்தியா அனுப்புவது?"

ஆவி விலகியது. மீசையில் இழையோடு அரசர் நின்றார்.

"ஐயாறப்பா, என்னை என் கோட்டையிலிருந்தே துரத்துகிறாயா?" என்றார் அரசர்.

"நானா? கட்டளை பெரியவருடையது. விலக்குக் கிடையாது என்றது பிரதானி. தலையாட்டியது தாங்கள்." பிறகு அவன் பிரதானி பக்கம் திரும்பினான். "ஒரே ஒரு சந்தேகம். சட்டம் தெரிந்தவர் நீங்கள்தான் சொல்லவேண்டும். வெளியே போனவர் திரும்பி வரலாமா, கூடாதா?"

கூடாது என்றால் அரசருக்கே கோட்டை இல்லை. பிரதானி அவசர அவசரமாகத் தலையாட்டினார்.

"வரலாம். தாராளமாக வரலாம். போகவேண்டும் என்றுதான் கட்டளை. வரக்கூடாது என்று எங்கேயும் இல்லை."

"எப்போது வரலாம்?"

"உடனேகூட வரலாம்."

"கோலப்பன் திரித்தாலும் இதேதானே?"

"யாராக இருந்தாலும் இதேதான்" என்றார் பிரதானி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பல்லக்கு வேண்டாமென்று, கோலப்பன் வடத்தை உருட்டி உப்புநீரில் போட்டிருந்த உருண்டைகளைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நடந்தார். கோட்டை வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து, கோலப்பனோடும் ஐயாறப்பனோடும் பங்குபோட்டுத் தின்றார். ஐயாறப்பனுக்கு மட்டும் ஒரு உருண்டை கூடுதல், கூடவே விரலில் இருந்த மோதிரமும்.

பொழுது சாயும் நேரத்தில் உள்ளே திரும்பியவர், வாசலில் கைகட்டி நின்ற பிரதானியிடம் சொன்னார்:

"நாளைக்கு உமது மைத்துனனை வரச்சொல்லும். தினமும் நானே திரித்துவிட்டு நானே வெளியே போகமுடியுமா? கோலப்பன் திரிக்கட்டும், அவனுக்குப் பதிலாக உமது மைத்துனன் போய்விட்டு வரட்டும்."