நாலு பேருக்கு ஒற்றைச் செருப்பு

பாகூரில் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்குச் சமையல்காரர் தேசிங்கும் அவருடைய ஆட்கள் ஏழுமலை, கலியன், பாவாடை மூவரும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார்களாம். திரும்பி வந்தபோது அண்டா காலி. அதற்காக அவர்கள் வருத்தப்பட்டதே இல்லை.

தேசிங்கின் வருத்தம் வேறு. "நிலையா ஒரு வேலை கெடைச்சா சொல்லி அனுப்பு" என்று மனைவி அஞ்சலாட்சி அப்பா வீட்டுக்குப் போய் ஆறு மாதம். தன் சமையலைத் தானே தனியாகத் தின்று மனிதர் அழாத குறை. அந்த நேரத்தில்தான் பிரான்ஸ் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, ஊரார் பிரெஞ்சு மரியாதையோடு 'முசே' என்று கூப்பிடும் சவரிராயன் ஆளனுப்பினார். புதுச்சேரியில் விடுதி திறக்கப் போகிறார். அவருடைய பழைய கேப்டன் மனைவியோடு அவர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். கேப்டனுக்குப் பிடித்துவிட்டால் விடுதிச் சமையல் தேசிங்குக்கு.

இரண்டு பாட்டில் சிவப்பு ஒயினையும் ஒரு சீட்டையும் கொடுத்துவிட்டு முசே விருந்தாளிகளை அழைத்துவரப் போனார். சீட்டை ஏழுமலை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அழுத்தமான பிரெஞ்சு ஒயின். மணம்: நாவற்பழம், தோல், புகையிலை, மழையில் நனைந்த மண். திறந்து ஒரு மணி நேரம் காற்றில் மூச்சு விட வைக்கவும். ஆட்டுக்கறியோடு பரிமாறவும். காரம் ஆகாது."

திறந்தார்கள். கலியன் பாட்டில் வாயில் பஞ்சைப் பிடித்துப் பார்த்தான்.

"மாஸ்டர், மூச்சு இல்லீங்களே!"

"அவசரப்படாதடா. தூர தேசத்துலேருந்து வந்திருக்கு, களைப்பா இருக்கும். விசிறு."

ஒரு மணி நேரம் விசிறினார்கள்.

பிறகு தேசிங்கு மோந்து பார்த்தார். எச்சில் பட்ட பண்டம் பந்திக்கு ஆகாது என்பதால் முப்பது வருஷமாக அவர் மூக்காலேயே உப்புப் பார்க்கிறவர். மோந்தவர் முகம் கறுத்தது.

"நாவப்பழம் மட்டுந்தாண்டா இருக்கு. மத்த மூணு சாமானையும் போடாம ஏமாத்திட்டான் கடைக்காரன்."

"லிஸ்ட்ல இருக்கிறது பண்டத்துல இல்லன்னா நம்ம பேரு என்னாவுறது?" என்றான் பாவாடை.

"அளவு போடலியே மாஸ்டர்" என்றான் ஏழுமலை. "எத்தினி பேருக்கு எவ்வளவு தோலு?"

நால்வரும் உட்கார்ந்து யோசித்தார்கள். முசே, அவர் மனைவி, கேப்டன், அவர் மனைவி. நாலு பேருக்கு ஒற்றைச் செருப்பு என்று முடிவானது. தேசிங்கு தன் புதுத் தோல் செருப்பில் ஒன்றைக் கழற்றினார். பக்கத்துப் பெட்டிக்கடையில் புகையிலை கிடைத்தது. மண்தான் சிக்கல், சித்திரை வெயில். கலியன் மாடியிலிருந்து குடத்து நீரை ஊற்ற, பாவாடை கீழே தகரத்தைத் தட்டி இடி இடித்தான். அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளினார்கள்.

எல்லாவற்றையும் ஒயினில் ஊறவைத்து, வேட்டியில் வடிகட்டி, மறுபடி பாட்டிலில் ஊற்றி, காரமில்லாத கறியோடு மேசைக்கு அனுப்பினார்கள்.

கேப்டன் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். கதவோரம் ஒற்றைச் செருப்போடு நின்ற தேசிங்குக்கு அஞ்சலாட்சியின் முகம் வந்து போனது. கேப்டன் பிரெஞ்சில் என்னவோ பொழிந்தார்.

"இவ்வளவு தெளிவா தோலும் புகையிலையும் மண்ணும் எந்த ஒயின்லயும் இருந்ததில்லையாம்" என்றார் முசே. "ஒரே குறை, தோல் இன்னும் கொஞ்சம் பழசா இருந்திருக்கலாமாம்."

"மன்னிக்கணும் முசே. தீபாவளிக்கு எடுத்தது" என்றார் தேசிங்கு பணிவாக.

முசேவுக்குப் புரியவில்லை. ஆனால் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு விடுதித் திறப்பு. நாற்பது பேருக்கு அதே ஒயின், அதே கறி.

சேதி கேட்டு அஞ்சலாட்சி அப்பாவோடு வந்து இறங்கினாள். தேசிங்குக்குக் கண் நிறைந்துவிட்டது. "வா" என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார். மாமனார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷம் மழையிலும் சேற்றிலும் ஆடு மேய்த்த செருப்பு. மடியிலிருந்து சிந்திய புகையிலை வாரிடுக்கெல்லாம் அப்பியிருந்தது.

தேசிங்கு ஒன்றை எடுத்து மோந்தார்.

"ஏழுமல, கடைக்குப் போவாத! எல்லாச் சாமானும் ஒண்ணுலயே இருக்கு!"

"நாப்பது பேருக்குப் பத்து ஆவணுமே மாஸ்டர்?"

"இது முத்தின சரக்குடா, ஒண்ணு போட்டாலே காணும்" என்ற தேசிங்கு, மற்றதை மாமனார் காலடியில் மரியாதையாக வைத்தார். "இத நீங்க போட்டுக்குங்க மாமா. வெறுங்காலோட அனுப்பினா நல்லாவா இருக்கும்?"