மறுநரம்பூட்டு என்றொரு சொல்

டாக்டர் தமயந்தி அன்று ஒரு நோயாளியின் கோப்பில் எழுதி முடிக்க வேண்டியது ஒரே ஒரு சொல்தான். அதற்கே கை வரவில்லை. காலையிலிருந்து நின்ற கால்கள் கெஞ்சின. தன் ஆசிரியர் ஞானசிகாமணியைத் தேடி மருத்துவமனை கேன்டீனுக்குப் போனாள். ஓய்வு பெற்ற பிறகும் மாலைக் காபி அவருக்கு அங்கேதான்.

"மறுநரம்பூட்டு. இந்தச் சொல்லை எப்போ எழுதலாம் சார்?"

அறுந்த நரம்பு மறுபடி வளர்ந்து ஓர் உறுப்பில் போய்ச் சேர்வதைச் சொல்லும் வினைச்சொல் அது. மருத்துவ நூல்களுக்கு வெளியே யாரும் புழங்குவதில்லை.

"யாருக்கு எழுதணும்?"

"ஆட்டோ ஓட்டுற கொம்பையாவுக்கு. விபத்துல முகத்து நரம்பு அறுந்துபோச்சு. நான்தான் தைச்சேன். கோணின வாய் நேராயிடுச்சு. ஆனா சாப்பிட்டா இடது கண்ணுல தண்ணி கொட்டுது. ஊசி போட்டா சில மாசம் நிற்கும். இனி ஊசியே வேண்டாம்கிறார். பொண்டாட்டி முன்னாடிகூட சாப்பிடறதில்லை."

"சரி."

"சேர்ந்துச்சுன்னு எழுதினா அவருக்குப் பொய். சேரலைன்னு எழுதினா நரம்புக்குப் பொய். அலுத்துப்போச்சு சார். இனிமே கத்தியே தொட வேண்டாம்னு இருக்கு."

"அவங்க எங்கே?"

"வெளியே உட்கார்ந்திருக்காங்க."

"கூப்பிடு."

தட்டுகளில் இட்லி வந்தது. கொம்பையா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்குப் பசிக்கலய்யா."

"பொய் சொல்லுதாக," என்றாள் அவர் மனைவி பேச்சியம்மாள். "மத்தியானமும் சாப்பிடல. என் சோத்தைத் தின்னா இவுகளுக்கு அழுகை வருது டாக்டரம்மா. வாய்ல சொல்லாம கண்ணால சொல்லுதாக."

ஞானசிகாமணி தமயந்தியைப் பார்த்தார். "நீ சொல்லு. அவங்களுக்குப் புரியற மாதிரி."

தமயந்தி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். "சாப்பாடு வந்தாச்சுன்னு வாய்க்குச் சேதி சொல்ற நரம்பும்மா அது. அறுந்து, திரும்ப வளரும்போது வழி தவறிக் கண்ணுக்குப் போயிடுச்சு. கண்ணுக்குத் தெரிஞ்ச வேலை தண்ணி விடறதுதானே?"

"அப்போ இது அழுகை இல்லையா?"

"இல்லை. நாக்குல ஊற வேண்டியது கண்ணுல ஊறுது."

பேச்சியம்மாள் கணவரின் முதுகையே பார்த்தாள். "அப்ப என் சமையல் பிடிக்காம இல்லையா?"

"பிடிக்கலன்னு எப்பட்டி சொன்னேன்?" என்றார் கொம்பையா சுவரிடம்.

"பிடிக்கும்னும் ஒருநாளும் சொல்லலையே."

அவர் நாற்காலியைத் திருப்பினார். ஒரு வாய் இட்லியைச் சாம்பாரில் தோய்த்துத் தின்றார். இடது கண் நிறைந்து வழிந்தது.

"உன் சாம்பார்னா இன்னும் கொட்டும்," என்றார்.

பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். சேலைத் தலைப்பால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு தன் தட்டையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

தமயந்தி குரலைத் தாழ்த்தினாள். "இப்போ அந்தச் சொல்லை எழுதலாமா சார்?"

ஞானசிகாமணி அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே ஆறிய காபியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறும்மா. இன்னும் சேர்ந்துகிட்டு இருக்கு."