முதல் மொட்டை

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மருதங்குளம் நாட்டை இளவேங்கை என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் சரி என்பதை மத்தியானம் கூடாது என்பார். அவர் சபையில் வஞ்சி என்று ஒரு விகடக்காரப் பெண். எந்தக் குரலையும் ஒருதரம் கேட்டால் போதும், அச்சு அசலாகப் பேசிக் காட்டிவிடுவாள்.

அந்த வருஷம் வடக்கே மழை பொய்த்து, ஒரு நெசவாளிக் கூட்டம் வந்து ஏரிக்கரையில் தறிக்குழி தோண்டியது. கூட்டத்துத் தலைவி நரசம்மா சபைக்குக் கொண்டுவந்த பட்டுத் துணியை ராஜா தடவித் தடவி மெச்சினார். பக்கத்தில் நின்ற தளவாய் மார்த்தாண்டருக்கு வயிறு எரிந்தது.

“மகாராஜா, வந்தேறிகள்! பொழுது சாய்வதற்குள் விரட்டுங்கள். இது சொந்த மண்ணுக்காரர்களின் நாடு!”

“ஆமாம், விரட்டு!” என்றார் ராஜா.

நரசம்மா இடிந்துபோய் நின்றாள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி எங்கே போவது? வஞ்சிக்கு மனசு கேட்கவில்லை.

“தளவாய் ஐயா, சொந்த மண்ணுக்காரர் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“வாயைத் திறந்தாலே தெரியுமே!”

வஞ்சி நரசம்மாவின் வடக்கத்தி இழுப்பில் நாலு வார்த்தை பேசினாள். அடுத்த மூச்சில், “ஹ்ஹும்! யாரங்கே!” என்று தளவாயாகவே கனைத்தாள். வாசல் காவலன் வாளை உருவிக்கொண்டு ஓடிவந்து, “கூப்பிட்டீங்களா தளவாய்?” என்றான்.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பேச்சு செல்லாதுய்யா. வேற சொல்லும்.”

தளவாய் மீசையை முறுக்கினார். “குலதெய்வம்! பிள்ளைக்கு முதல் மொட்டை எந்த மண்ணில் போடுகிறோமோ, அதுதான் சொந்த மண்!”

“பலே! அதுவே சட்டம்!” என்று தொடையைத் தட்டினார் ராஜா.

“போன மாசம் உங்க பேரனுக்கு எங்கே ஐயா மொட்டை போட்டீங்க?” என்றாள் வஞ்சி, பச்சைப் பிள்ளை மாதிரி.

“மலைக்கு அந்தப் பக்கம், எங்க கருப்பசாமி கோயில்ல... வண்டி கட்டிக்கொண்டு...” தளவாய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வைத்தியரே, உங்களுக்கு?” என்று அரண்மனை வைத்தியர் பக்கம் திரும்பினாள்.

“ஆத்துக்கு அக்கரை, தாயீ.”

வஞ்சி மெல்ல ராஜா பக்கம் திரும்பினாள். அவர் தலையைச் சொறிந்தார். “எங்க வம்சத்துக்குக் கடலோரம். அட, நானும் மூட்டை கட்டணுமா?”

“நரசம்மாக்கா, உங்க அம்மன் எங்கே?”

“கூடையில வெச்சு தலையில சுமந்து வந்தோம்மா. தண்ணி இல்லாத ஊர்ல அவளைத் தனியா விட முடியுமா? ஏரிக்கரையில வெச்சாச்சு. நேத்துதான் எங்க குழந்தைங்களுக்கு அங்கே முதல் மொட்டை.”

சட்டப்படி பார்த்தால், மருதங்குளத்தின் சொந்த மண்ணுக்காரர்கள் நெசவாளிகள் மட்டும்தான்!

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார். “அம்மா, நாங்களும் இங்கேயே இருந்துக்கலாமா?”

“இருங்க சாமி, எடம் நெறையக் கிடக்கு,” என்றாள் நரசம்மா. சபையே சிரித்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி வஞ்சி கழுத்தில் போட்டார். “தளவாயே, அந்த அம்மனுக்குக் கோயில் எழும்பும்வரை கல் சுமப்பது உம் பொறுப்பு!”

சுமந்தார். கோயிலும் எழுந்தது. முதல் திருவிழாவில் மொட்டை போட வந்தவர்கள் வரிசையில், புதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தளவாயும் உட்கார்ந்திருந்தார்.

“மலை ரொம்பத் தூரம்மா,” என்றார், யாரும் கேட்காமலே.