சிவந்த மஞ்சள்

"நாளானா எல்லாம் தானா சரியாயிடும்னு இருந்தேன், சாமி. ஏன் ஆகல?"

கேட்டவர் வடிவாம்பாள் டீச்சர். ஆயுசில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியே கழித்து, ஓய்வு பெற்றவர்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் குளித்தலை ஆசிரமத்துச் சாமி. ஒன்பதாம் வகுப்பில் இதே டீச்சரிடம் படித்து, இதே வேதியியலில் ஃபெயில் ஆனவர். இப்போது யாருக்கு யார் குரு என்பதில் இருவருக்குமே கொஞ்சம் கூச்சம்.

"எது சரியாகல, டீச்சர்?"

"எம் மகன் தனசேகர் வேற மதத்துப் பொண்ணக் கட்டிக்கிட்டு, மாலையும் கழுத்துமா வாசல்ல வந்து நின்னான். பக்கத்து வீட்டம்மா ஆரத்தி கரைச்சு எடுத்துட்டு வந்தாங்க. நான் அந்தத் தட்டப் புடுங்கி, அவங்க ரெண்டு பேரு கண்ணு முன்னாடியே சாக்கடையில கொட்டினேன்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தா இருக்கிற கரூர்லதான் இருக்காங்க. பேத்தி பள்ளிக்கூடம் போறாளாம். எனக்கு அவ முகம்கூடத் தெரியாது. அவனே வரட்டும்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்."

சாமி எழுந்து உள்ளே போனார். தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரோடு வந்தார். டீச்சர் முன்னால் வைத்து, துளி சுண்ணாம்பைக் கலந்தார்.

தண்ணீர் சிவந்தது. டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது ஏன் டீச்சர் சிவக்குது? அன்னிக்கே எனக்கு மண்டையில ஏறல."

"சுண்ணாம்பு காரம். காரம் பட்டா மஞ்சள் சிவக்கும்."

பாடத்தில் சந்தேகம் கேட்டால் போதும், அழுகையைக்கூட நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிற ரகம் அவர்.

"அப்படியே விட்டு வச்சா மறுபடி மஞ்சளாயிடுமா?"

"எப்படி ஆகும்? நாளாக நாளாக மங்கிப்போகும், அவ்வளவுதான். பழைய நிறம் வராது."

"வரவே வராதா?"

"ஏன் வராது? இப்பவே எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சா உடனே வரும். யாராவது புளிப்பச் சேர்க்கணும், சாமி. சும்மா பார்த்துக்கிட்டே இருந்தா..."

டீச்சர் நிறுத்திவிட்டார்.

சாமி தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எத்தனை பிள்ளைங்களுக்கு இதச் சொல்லிக் கொடுத்திருப்பேன்," என்றார் டீச்சர். தட்டையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னைப் பார்த்ததும் அவன் கதவச் சாத்தினாலும் சாத்துவான். கரூர் பஸ் எப்ப, சாமி?"